தங்கையின் நிறத்தை மாற்றாத மணப்பெண் அலங்காரம்: மதுரை நிலையம் ஒன்றைப் பற்றி

மதுரை தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் முதல் மாடியில் நடக்கும் மணப்பெண் அலங்கார நிலையத்தில், என் தங்கையின் வரவேற்புக்கும் மறுநாள் காலை முகூர்த்தத்துக்கும் ஒப்பனை செய்துகொண்டோம். அந்த நிலையத்தின் ஒப்பனையைப் பொறுத்தவரை என் பரிந்துரை தெளிவானது: கறுத்த நிறமுள்ள பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், மற்ற இடங்களை விசாரிப்பதற்கு முன்பு இங்கே போய் ஒரு ட்ரயல் பாருங்கள். அதே நிலையம் கல்யாணத்துக்கு முன்னால் செய்துதரும் தோல் பராமரிப்புப் பேக்கேஜை மட்டும் எடுக்காதீர்கள். ஒரே கூரையின் கீழ் நடக்கும் இரண்டு வேலைகளுக்கு ஏன் இவ்வளவு மாறுபட்ட தீர்ப்பு என்பதை விளக்கவே நீளமாக எழுதுகிறேன். பெண்ணின் நிறத்தை நம் ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைத் தொடாமல் அந்த விளக்கத்தை முடிக்க முடியாது.

நிலையத்தின் பெயரை இங்கே கொடுக்கவில்லை. நடத்துபவர் விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கும் முகூர்த்தங்களுக்கே ஆள் போதவில்லை என்றார். அதோடு, நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, எந்த ஊரில் எந்த நிலையத்துக்குப் போனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயங்கள்தான்.

என் தங்கை கறுப்பு. அதை நேராகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவளுக்கு வரன் பார்த்த காலம் முழுவதும் யாரும் அதை நேராகச் சொல்லவில்லை. ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கும் விவரத் தாளில் தரகர் தாமாகவே "மாநிறம்" என்று எழுதிக்கொண்டார். பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு வீட்டார், "பொண்ணு களையாத்தான் இருக்கா, இன்னும் கொஞ்சம் கலரா இருந்திருக்கலாம்" என்று மூன்றாம் மனிதர் மூலம் சொல்லியனுப்பினார்கள். தரகரிடமும் உறவினர்களிடமும் மட்டும் இருக்கும் வழக்கம் என்று இதை நினைக்க வேண்டாம். பல லட்சம் பேர் பயன்படுத்தும் ஷாதி.காம் தளத்திலேயே தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதி இருந்தது, அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் தொடங்கிய கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகு 2020 ஜூனில்தான் அது நீக்கப்பட்டது. இப்போதைய மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைப் பற்றி வாயே திறக்காதவர்கள். ஆனாலும், கல்யாண நாளில் இவள் முகம் எந்த நிறத்தில் இருக்கப்போகிறது என்பது எங்கள் வீட்டில் பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

ட்ரயலுக்குப் போன அன்று அந்த மேக்கப் ஆர்ட்டிஸ்ட் முதலில் செய்த காரியம் அறையின் குழல்விளக்கை அணைத்ததுதான். தங்கையை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து, மூன்று ஃபவுண்டேஷன்களை எடுத்து, தாடை எலும்பிலிருந்து கழுத்துவரை மூன்று கோடுகளாக இழுத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மூன்றில் ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை, தோலோடு போய்விட்டது. ஒன்று சாம்பல் பூத்தது போல நின்றது. இன்னொன்று செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. காற்றும் தோலின் எண்ணெயும் பட்டதும் சில ஃபவுண்டேஷன்கள் நிறம் மாறும் என்பதால், பூசிய உடனே பார்த்து முடிவுசெய்யக் கூடாது என்றார். தெரியாமல் போன அந்தக் கோடுதான் அவளுடைய ஷேடு. அதுவும் நெற்றிக்குச் சற்று வெளிறித் தெரிந்ததால், இன்னும் ஆழமான ஒரு ஷேடைப் புறங்கையில் கலந்து நெற்றி ஓரங்களுக்குத் தனியாக வைத்தார். நம் தோலில் நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடக் கறுத்திருப்பது இயல்பு. முகம் முழுவதற்கும் ஒரே நிறத்தை அப்பினால் முகம் தட்டையாகி, பார்ப்பவர்களுக்கு "ஏதோ போட்டிருக்கிறாள்" என்று தோன்றும். இவர் அந்த வேறுபாட்டைக் குறைத்தாரே தவிர அழிக்கவில்லை.

சாம்பல் பூப்பது ஏன் என்று கேட்டேன். ஃபவுண்டேஷனில் வெண்மைக்கும் மறைக்கும் தன்மைக்கும் டைட்டானியம் டைஆக்ஸைடு சேர்க்கிறார்கள். ஷேடு வெளிறிப்போகப் போக அதன் அளவு கூடும். கறுத்த தோலின் மேல் அந்த வெண்பொடி படிந்தால் அடியிலிருக்கும் நிறத்தோடு சேர்ந்து சாம்பலாகத் தெரியும் என்று விளக்கினார். கல்யாண மண்டபங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறத்திலும், கழுத்து ஒரு நிறத்திலும், மருதாணி வைத்த கை இன்னொரு நிறத்திலும் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூசுபவருக்குக் கைவேலை தெரியாததால் அது நேர்வது குறைவு. இரண்டு ஷேடு தூக்கிப் போடுங்கள் என்று கேட்கப்படுவதால் நேர்வதே அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆழமான ஷேடுகள் கடையில் கிடைப்பதே நெடுங்காலம் அரிதாக இருந்தது. 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி நிறுவனம் ஒரே நேரத்தில் 40 ஷேடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்து, மிகக் கறுத்த ஷேடுகள் முதலில் தீர்ந்துபோனதைப் பார்த்த பிறகுதான், மற்ற பெரிய நிறுவனங்களும் தங்கள் வரிசையை நீட்டத் தொடங்கின. கறுத்த தோல் பெரும்பான்மையாக இருக்கும் நம் ஊரில்கூட இப்படிப்பட்ட பொருள்களைத் தனியாக ஆர்டர் செய்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னார். அவருடைய பெட்டியில் கறுத்த தோலுக்கான ஷேடுகள் ஒரு முழுத் தட்டை நிறைத்திருந்தன. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தத் தட்டைத்தான். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்பது பிறகு.

இனி அம்மாவும் அத்தையும். ட்ரயலுக்கு இருவரும் கூட வந்திருந்தார்கள். கோடுகள் இழுத்துப் பார்த்து முடித்ததும் அத்தை ஆரம்பித்தார்: "கொஞ்சம் தூக்கலாவே போடுங்கம்மா. மாப்பிள்ளை நல்ல கலரு. பக்கத்துல நிக்கிறப்ப வித்தியாசமா தெரியக் கூடாதுல்ல." அம்மா எதுவும் பேசவில்லை, ஆனால் அத்தை சொன்னதற்குத் தலையை அசைத்தார். ஆர்ட்டிஸ்ட் இருவருக்கும் பதில் சொல்லாமல் தங்கையைப் பார்த்து, "உனக்கு எப்படிம்மா வேணும்?" என்று கேட்டார். "நானாத் தெரியணும்க்கா, அவ்வளவுதான்" என்றாள் அவள்.

ஆர்ட்டிஸ்ட் வாதாடவில்லை. "சரிங்கம்மா, ரெண்டையும் பார்த்துருவோம்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, முகத்தின் இடது பாதிக்கு அத்தை கேட்டபடி இரண்டு ஷேடு தூக்கியும், வலது பாதிக்கு அவளுடைய ஷேடிலும் போட்டார். கண் மையும் பொட்டும் வைத்து, ஒரு பட்டுச் சேலையைத் தோளில் போட்டு, எல்லோரையும் வெளித் திண்ணைக்கு அழைத்துப் போய் வெயிலில் நிறுத்தினார். வலது பக்கம் கன்னம், கழுத்து, தோள் என்று ஒரே ஒழுங்காக இறங்கியது, பட்டின் அரக்கு நிறம் அதன்மேல் துலங்கியது. இடது பக்கத்தில் தாடைக்குக் கீழே ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு மேலே யாரோ ஒருத்தி. அம்மா கிட்டே போய் மகளின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வலது கன்னத்தைத் தொட்டு, "இந்தப் பக்கமே இருக்கட்டும்மா" என்றார். அத்தை கடைசிவரை முழுமனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குமேல் அவர் பேசவும் இல்லை.

இந்த ஒரு காரியத்துக்காகவே இந்த நிலையத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். மணப்பெண்ணிடம் முதலில் கேட்பது, பெரியவர்களை அவமதிக்காமல் அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைப்பது, இரண்டும் ஒப்பனைத் தொழிலின் பகுதி என்று தெரிந்த ஒருவர் இவர்.

அத்தையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் கறுப்புதான். அவர் கேட்டது அழகைக்கூட அல்ல, கூட்டத்தில் தன் அண்ணன் மகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்கிற பாதுகாப்பை. அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. வெயிலில் நின்று உழைப்பவர்கள் கறுத்தும் நிழலில் இருப்பவர்கள் வெளுத்தும் இருந்த சமூகத்தில், நிறம் என்பது சாதியையும் நிலத்தையும் வசதியையும் ஒரே பார்வையில் ஊகிக்கும் வழியாகிவிட்டது. வெள்ளைக்காரர் ஆட்சி அந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது. இதே கணக்கு வேறோர் இடத்தில் தலைகீழாக மாறியிருப்பதையும் பார்க்கலாம். ஐரோப்பாவில் உழைக்கும் மக்கள் வயலில் வெயில் காய்ந்தவரை வெளுத்த தோல் உயர்குடிக்கு அடையாளமாக இருந்தது. உழைப்பாளிகள் ஆலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் போன பிறகு, 1920களிலிருந்து, கடற்கரைக்குப் போய் வெயிலில் கிடக்க நேரமும் பணமும் உள்ளவர்களின் பழுப்பு நிறம் அழகாகிவிட்டது. எது வசதியின் அறிகுறியோ அதைக் கண் அழகு என்று கற்றுக்கொள்கிறது.

நம் வீடுகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில் ஒரு சிறிய டியூபுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்துஸ்தான் லீவர் 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு கிரீமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்மாவும் அத்தையும் வளர்ந்த காலம் அது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, கிரீம் பூசி வெளுத்த பிறகு இரண்டும் கிடைக்கும் என்பதுதான் அந்த வகை விளம்பரங்களின் வழக்கமான கதை. 1998இல் சென்னையைச் சேர்ந்த கெவின்கேர் நிறுவனம் ஃபேரெவர் கிரீமைக் கொண்டுவந்தது. 2005இல் இமாமி ஆண்களுக்கென்றே ஒன்றைக் கொண்டுவந்தது. கறுத்த தோல் உள்ளவர்களை அழகற்றவர்களாகவோ துயரப்படுபவர்களாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் விதி வகுத்தது 2014இல்தான். 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் கொன்ற பிறகு எழுந்த போராட்டங்களின் அலையில், 45 ஆண்டுகள் விற்ற ஃபேர் அண்ட் லவ்லியின் பெயர் குளோ அண்ட் லவ்லி என்று மாறியது. எதிர்க்குரலும் நம் பக்கத்திலிருந்தே வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்: "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" என்ற இயக்கம் 2009இல் சென்னையில்தான் தொடங்கியது, பிறகு நடிகை நந்திதா தாஸ் அதோடு சேர்ந்தபோது நாடு முழுவதும் அறியப்பட்டது. நடிகை சாய் பல்லவி பெருந்தொகை தர முன்வந்தும் முகப்பூச்சு விளம்பரம் ஒன்றில் நடிக்க மறுத்ததை என் தங்கை கல்லூரியில் படிக்கும்போதே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இவ்வளவும் மதுரையில் நடப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். இந்த ஊர் ஆண்டுதோறும் சித்திரையில் கூடிக் கொண்டாடும் கல்யாணத்தின் பெண் மரகதப் பச்சை நிறத்தவள். கருநீல நிறத்து அண்ணன் தாரை வார்த்துக்கொடுக்க, பச்சை நிற மீனாட்சி கைநீட்டி நிற்கும் படத்தைத்தான் பாதிக் கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையில் அச்சிடுகிறோம்; எங்கள் பத்திரிகையிலும் அதுவே. இன்னும் பின்னால் போனால், சங்கக் கவிதைகளில் தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற மாமை நிறத்தில் இருக்கிறது. தலைவன் பிரிந்ததும் அவள் மேல் படர்ந்து அந்த அழகைத் தின்பது வெளிறிய பசலை. தன் மாமைக் கவின் தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகப் போகிறதே என்று வெள்ளிவீதியார் குறுந்தொகையில் வருந்தும் பாட்டை நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வெளிறுதலை நோயாகவும் இழப்பாகவும் பார்த்த கண் நம்முடையதாகவே இருந்திருக்கிறது. மணப்பெண்ணின் நிறத்தை மாற்றாமல் அலங்கரிப்பது வெளியிலிருந்து வந்த புதுமை என்று யாராவது சொன்னால், என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

சேவைக்குத் திரும்புகிறேன். வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் சேர்த்து, முடி அலங்காரம், சேலை கட்டுதல் உட்பட 26,000 ரூபாய் ஆயிற்று. ட்ரயலுக்குத் தனியாக 2,000 ரூபாய், பதிவு செய்தால் மொத்தத்தில் கழித்துக்கொள்கிறார்கள். ஏர்பிரஷ், அதாவது சிறு கருவியால் தெளித்துப் போடும் ஒப்பனை, வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் உண்டு. எங்களுக்கு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஷேடைக் கையால் கலந்து இடத்துக்கு இடம் மாற்றிப் போட வேண்டிய முகத்துக்குச் சாதாரண எச்.டி. ஒப்பனையே ஏற்றது என்பது அவர் கருத்து. கூடுதல் பணம் வரக்கூடிய ஒன்றை வேண்டாமென்று சொல்பவர்கள் இந்தத் தொழிலில் குறைவு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்றரை மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிட்டார். முந்தைய நாளே ஒரு கட்டளை போட்டிருந்தார்: நலங்குக்கு மஞ்சள் பூசும்போது முகத்தில் பூசாமல் கை கால்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், முகத்துக்குச் சடங்குக்காக ஒரு தொடுதல் போதும். கறை பிடித்த மஞ்சள் இரண்டு நாளைக்கு எளிதில் போகாது, அதன்மேல் எந்த ஷேடும் ட்ரயலில் பார்த்தபடி வராது. பாட்டிக்கு இது பிடிக்கவில்லை என்றாலும் காரணத்தைச் சொன்னதும் விட்டுக்கொடுத்தார். கன்னத்துக்கு ரோஜா நிறம் தொடவில்லை. செங்கல் சிவப்பில் ஒன்றை மெலிதாகத் தேய்த்தார். உதட்டுக்கு வெற்றிலை போட்டது போன்ற கருஞ்சிவப்பு. ராக்குடியும் ஜடை பில்லையும் வைத்துப் பின்னி, மதுரை மல்லியைச் சரம் சரமாகச் சுற்றி, நெற்றிச்சுட்டி நகராமல் உள்ளே ஊசி குத்தி முடிக்கும்போது ஆறு மணி. ஹோமப் புகையும் வியர்வையும் கண்ணீருமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகும் முகம் திட்டுத் திட்டாகக் கலையவில்லை. தாலி கட்டி முடிந்ததும் வந்து, மெல்லிய தாளால் வியர்வையை ஒற்றியெடுத்தாரே தவிர, மேலே பவுடர் அடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. வரவேற்பன்று அரை மணி நேரம் தாமதமாக வந்ததில் எல்லோரும் பரபரப்பானோம். வரவேற்புக்கு வைத்த செயற்கை இமை அளவுக்கு மீறிக் கனமாக இருந்தது, தங்கை பாதியில் கழற்றிவிட்டாள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உறவினர்களுக்கு ஒப்பனை செய்ய அவர் அனுப்பிய உதவியாளர்கள். மணப்பெண்ணுக்கு அவ்வளவு கவனம் எடுத்த நிலையம், சித்திக்கும் அண்ணிக்கும் ஒரே குப்பியிலிருந்து ஒரே வெளிறிய ஷேடைப் பூசி அனுப்பியது. சித்தியின் முகம் கையைவிட நன்றாக வெளுத்து நின்றது. அவருடைய திறமை அவர் கையில் மட்டும் இருக்கிறது, உதவியாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. உறவினர் பேக்கேஜ் எடுப்பவர்கள், ஜன்னல் வெளிச்சத்தில் தாடையில் ஷேடு பார்க்காமல் பூச விடாதீர்கள்.

புகைப்படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பனையில் காப்பாற்றிய நிறம் அங்கேதான் தொலையும். ட்ரயல் முடிந்ததுமே ஆர்ட்டிஸ்ட் எங்கள் புகைப்படக்காரரின் எண்ணை வாங்கி, வெயிலில் எடுத்த ஒரு படத்தை அவருக்கு அனுப்பி, இதுதான் பெண்ணின் நிறம், ஒளியை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பேசினார். மிக நுண்ணிய சிலிக்கா பவுடர்கள் நேரில் தெரியாவிட்டாலும் ஃப்ளாஷ் ஒளியில் வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும் என்பதால் அவற்றை அவர் கண்ணுக்கடியில்கூடத் தொடுவதில்லை. படக்கலைக்கே இந்தச் சாய்வு பழையது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சிடும் நிலையங்களுக்கு அனுப்பிய வண்ணச் சரிபார்ப்பு அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவர் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று கணக்கு; பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. இன்று பிலிம் இல்லை, ஆனால் முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் கணினியில் தொடர்கிறது. இவ்வளவு சொல்லியும் எங்களுக்கு முதலில் வந்த ஆல்பம் மாதிரியில் தங்கையின் முகம் கோதுமை நிறத்தில் இருந்தது. கேட்டபோது, "எல்லா வீட்லயும் இப்படித்தான் கேப்பாங்க, அதான் நாங்களே பண்ணிடுவோம்" என்றார் வடிவமைத்தவர். திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினோம். அது அலங்கார நிலையத்தின் பிழை இல்லை என்றாலும், ஒப்பனைக்குப் பணம் கொடுப்பவர்கள் ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது, நான் வேண்டாம் என்று சொன்ன பகுதி. ஒப்பனை நடக்கும் அறைக்கு அடுத்த அறையில், கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களுக்கான தோல் பராமரிப்பை வேறொரு பெண் கவனிக்கிறார். பேக்கேஜ் 9,000 ரூபாயில் தொடங்குகிறது. பட்டியலில் டீ-டேன் (வெயிலில் ஏறிய கருமையைப் போக்குவது), ப்ளீச், வைட்டனிங் ஃபேஷியல் எல்லாம் இருக்கின்றன. தங்கையை ஒருமுறை பார்த்தவுடன், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே, "ஆறு சிட்டிங் வந்தா ரெண்டு ஷேடு ஏறிடும்மா" என்றார். அடுத்த அறையில் எந்த இரண்டு ஷேடு வேண்டாம் என்று அம்மாவே முடிவுசெய்தாரோ, அதே இரண்டு ஷேடை இந்த அறையில் விற்கிறார்கள். சுவரில் மாட்டியிருந்த படங்களும் இந்த அறைக்குத்தான் பொருந்தின. பெரும்பாலும் வெளுத்த பெண்கள்.

ப்ளீச் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு முகத்தின் பூனைமுடியை வெளுக்கும் வேலை. கொஞ்ச நாள் முகம் பளிச்சென்று தெரியும், எரிச்சலும் வரலாம். கடைகளில் விற்கும் முகப்பூச்சுகளில் பலவற்றில் இருக்கும் நியாசினமைடு, தோலின் நிறமியான மெலனின் மேலடுக்குச் செல்களுக்குப் போய்ச் சேர்வதை ஓரளவு குறைக்கும். கரும்புள்ளிகள் மங்க உதவும், நிறுத்தினால் விளைவும் போய்விடும். பிறந்த நிறத்தை மாற்றும் சக்தி இவற்றுக்கு இல்லை. எனக்குக் கவலை தந்தது பட்டியலுக்கு வெளியே, வீட்டில் இரவில் பூசிக்கொள்ளச் சொல்லி எடுத்துக் கொடுக்க வந்த ஒரு சிறிய வெள்ளை டப்பா. அதில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, உட்பொருள் பட்டியல் இல்லை, உரிம எண் இல்லை. இப்படிப்பட்ட டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது; ஆனால் இந்த வகைப் பூச்சுகளில் வழக்கமாக அகப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்டீராய்டு: சில வாரங்கள் முகம் மினுமினுக்கும், பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் வளர்ந்து, நிறுத்தினால் எரியும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்கு இதுவே காரணம். மற்றது பாதரசம்: மெலனின் உருவாவதையே தடுப்பதால் வேகமாக வெளுக்கும், தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு மருத்துவமனைக்கு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் பூசிவந்த முகப்பூச்சுகளில் பாதரசம் இருப்பது தெரியவந்தது. முகப்பூச்சில் தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. குளுடாதயோன் ஊசிக்கு எந்த மருத்துவரிடம் போகலாம் என்றும் அந்தப் பெண் சொல்லத் தொடங்கினார். தோலை வெளுப்பதற்காக அந்த ஊசியைப் போட்டுக்கொள்வதன் ஆபத்து பற்றி, அது மிகப் பரவலாக இருக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது.

இதை அந்த ஆர்ட்டிஸ்டிடமே கேட்டேன். "கேட்டு வர்றவங்கதான் அதிகம்க்கா. இல்லைன்னு சொன்னா அடுத்த தெருவுக்குப் போவாங்க. அங்க இதைவிட மோசமா செய்வாங்க" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வாடகை, உதவியாளர் சம்பளம், முகூர்த்தம் இல்லாத மார்கழி, ஆடி மாதங்களின் வெறுமை, எல்லாவற்றையும் அந்தப் பக்கத்து அறைதான் தாங்குகிறது என்பதும் புரிகிறது. ஆனாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. வெயிலில் நிறுத்தி அம்மாவின் கண்ணையே மாற்றத் தெரிந்த ஒருவருக்கு, தம் இடத்தில் வந்து கேட்கும் பெண்களிடம் "இது தேவையில்லை" என்று சொல்லும் தகுதி வேறு யாரையும்விட அதிகம் இருக்கிறது. பட்டியலிலிருந்து அந்த மூன்று வரிகளையும், அலமாரியிலிருந்து அந்த டப்பாக்களையும் எடுத்துவிட்டால், நான் தயக்கமில்லாமல் முழு நிலையத்தையும் பரிந்துரைப்பேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு நான்கைந்து மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். முன்பணம் பாதி, தேதி மாறினால் திருப்பித் தர மாட்டார்கள், வேறு தேதிக்கு மாற்றித் தருவார்கள். ட்ரயலைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டப்போகும் பட்டையும் அணியப்போகும் நகையில் ஒன்றிரண்டையும் கொண்டுபோங்கள், ஒப்பனை இல்லாமல் வெளிச்சத்தில் எடுத்த மணப்பெண்ணின் படம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். பக்கத்து அறையிலிருந்து அழைத்தால், ஒப்பனைக்கு மட்டும்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், வற்புறுத்த மாட்டார்கள்.